பதினாறு கோர் வாங்கும் முன் அளந்து பாருங்கள்

நிரல் மெதுவாக ஓடினால் கூடுதல் கோர் (சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உள்ள கணினிக்குப் பணம் போடத் தோன்றும். அந்த வேலையைப் பங்கு போட முடியுமா என்று முதலில் அளந்துவிடுங்கள். அரை மணி நேரம் போதும்.

லினக்ஸில், ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் டாப் கட்டளையை ஓட்டுங்கள். ஒரு கோர் முழுதாக உழைத்தால் அதில் 100 சதவீதம் என்று காட்டும். நிரல் 100-ஐத் தாண்டாமல் அங்கேயே நின்றால் அது ஒரே திரெட்டில், அதாவது ஒரே வேலை வரிசையில், ஓடுகிறது. விண்டோஸ் டாஸ்க் மேனேஜரின் கணக்கு வேறு: எல்லாக் கோரும் சேர்ந்தால்தான் அங்கே 100. எட்டு லாஜிக்கல் பிராசஸர் (இயங்குதளம் கோராக எண்ணுவது) உள்ள கணினியில் 12, 13 சதவீதத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் நிரல், அந்த எட்டில் ஒன்றை மட்டும் பிழிந்துகொண்டிருக்கிறது. கோர்வாரி வரைபடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். இயங்குதளம் ஒரே திரெட்டைக் கோர் மாற்றி மாற்றி ஓட்டுவதால், எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் வேலை செய்வதுபோல் தெரியும்.

பல திரெட்டில் ஓடும் நிரல் என்றால், லினக்ஸின் டாஸ்க்செட் கட்டளையால் அதை ஒரு கோருக்குள் அடைத்து நேரம் பாருங்கள். பிறகு நாலு கோர் கொடுத்துப் பாருங்கள். கோப்பு நினைவகத்துக்கு ஏறிவிட ஒருமுறை சும்மா ஓட்டிவிட்டுத் தொடங்குங்கள். ஹைப்பர்திரெடிங் (ஒரு கோரை இயங்குதளத்துக்கு இரண்டாகக் காட்டும் வசதி) இருந்தால் ஒரே கோரின் இரண்டு பாதிகளை இரண்டு கோராக எண்ணிவிடாதீர்கள். எது எதோடு ஜோடி என்று எல்எஸ்சிபியு கட்டளை காட்டும்.

ஒரு கோரில் 100 விநாடி, நாலில் 40 விநாடி ஆனது என்று வையுங்கள். மிச்சமானது 60 விநாடி. நாலாகப் பிரித்தால் கால் பங்கு நேரமே ஆகும் என்பதால், இது பிரிக்கக்கூடிய பகுதியின் முக்கால் பங்கு. ஆக அந்தப் பகுதி 80 விநாடி, பிரியாதது 20. எட்டுக் கோரில் 30, பதினாறில் 25 விநாடி ஆகும். ஆயிரம் கோர் போட்டாலும் 20-க்குக் கீழே இறங்காது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் சொன்ன வரம்பு இதுதான். நிஜத்தில் இதைவிட மோசமாகவே வரும்: திரெட்டுகள் லாக்குக்காக (ஒரே தரவை ஒரு நேரத்தில் ஒருவரே தொட விடும் பூட்டு) காத்திருக்கும், எல்லாக் கோரும் ஒரே நினைவகப் பாதையில் நெரியும்.

சில வேலை ஏன் இப்படிப் பிரியாது? கோப்பைச் சுருக்கும் ஜிசிப் நிரலைப் பாருங்கள். அது ஒரே திரெட்டில்தான் சுருக்கும். பிக்ஸ் என்ற நிரல் அதே வேலையைக் கோப்பை 128 கிலோபைட் துண்டுகளாக வெட்டி எல்லாக் கோருக்கும் பகிர்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் முந்தைய துண்டின் கடைசி 32 கிலோபைட் தேவை. அது மூலக் கோப்பிலேயே இருப்பதால் யாரும் யாருக்கும் காத்திருக்க வேண்டாம். சுருக்கிய கோப்பை விரிக்கும்போது கதை தலைகீழ். "முன்னால் வந்ததிலிருந்து இத்தனை எழுத்தை எடு" என்ற குறிப்பு வரும், ஆனால் அந்த முந்தைய பகுதி இன்னும் விரிந்தே இருக்காது. அதனால் பிக்ஸும் விரிக்கும் வேலையை ஒரே திரெட்டில்தான் செய்கிறது. படிக்க, எழுத, சரிபார்க்க மட்டும் துணைத் திரெட்டுகள். தரவைக் கட்டம் கட்டமாகப் பூட்டும் சிபிசி முறைக் குறியாக்கத்தில் இது நேரெதிர்: பூட்டும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் முந்தைய கட்டத்தின் விடை வேண்டும், திறக்கும்போது எல்லாம் கையில் இருப்பதால் பங்கு போடலாம்.

ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்ற இந்தச் சங்கிலியை வேண்டுமென்றே கட்டியவரும் உண்டு. குறியாக்க ஆய்வாளர் ரொனால்ட் ரிவெஸ்ட் 1999-இல் வெளியிட்ட எல்சிஎஸ்35 புதிரில் ஓர் எண்ணைச் சுமார் 80 லட்சம் கோடி தடவை வரிசையாக வர்க்கப்படுத்த வேண்டும். பெர்னார்ட் ஃபாப்ரோ என்ற பெல்ஜிய நிரலாளர் 2019-இல் விடை கண்டார், ஒரே ஒரு கோரில், சுமார் மூன்றரை ஆண்டு ஓட்டி.

உங்கள் வேலையும் இப்படிச் சங்கிலியாக இருந்தால், கோர் எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒற்றைக் கோர் வேகம் அதிகமுள்ள சிபியுவைத் தேடுங்கள். ஐம்பது கோப்பு விரிக்க வேண்டுமா? அவை ஐம்பது தனித்தனிச் சங்கிலிகள். எக்ஸ்ஆர்க்ஸ் கட்டளைக்கு ஒரு தடவைக்கு ஒரு கோப்பு என்றும், ஒரே நேரத்தில் எத்தனை ஓட வேண்டும் என்றும் சொல்லிவிட்டால் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். அந்த எண்ணைக் கோர் எண்ணிக்கையில் தொடங்குங்கள். வட்டு திணறினால் குறையுங்கள்.