அட்வென்ச்சரஸ் மரக்கப்பலில் ஒருநாள் போக

சியாட்டில் பக்கம் போனால் பியூஜெட் சவுண்ட் என்ற கடற்கிளையில் ஓடும் அட்வென்ச்சரஸில் சில மணி நேரமாவது ஏறிவிடுங்கள். இரண்டு பாய்மரம் கொண்ட இந்தக் கப்பலை 1913-ல் மெய்ன் மாநிலத்தில் கட்டினார்கள், ஆர்க்டிக் பயணத்துக்கென்று, அப்புறம் அது 1952 வரை சான் பிரான்சிஸ்கோவில் துறைமுக வழிகாட்டி மாலுமிகளைச் சுமந்தது. சொந்தத் துறை போர்ட் டவுன்சென்ட், ஆனால் வேறு ஊர்களிலிருந்தும் கிளம்பும், பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடையிலும் தண்ணீர் நடுவில் குளிரும். ஸ்வெட்டர், காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், வழுக்காத ஷூ. குமட்டல் வருபவர்கள் மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போடுங்கள், தலை சுற்றியபின் போட்டால் பெரிதாகக் கேட்காது.

பாய் ஏற்றக் கூப்பிட்டால் தயவுசெய்து ஒதுங்காதீர்கள், கப்பலை உண்மையில் உணர்வது அங்கேதான். கயிற்றைக் கை மாற்றி மாற்றி, எல்லோரும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும்; விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்ளவே கூடாது, சுருண்டு கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் கால் வைக்கவும் கூடாது, நழுவினால் சட்டென்று விட்டுவிடுங்கள், இல்லையென்றால் உள்ளங்கை உரிந்துவிடும். கப்பல் திசை மாறும்போது பாயின் அடிக்கட்டை குறுக்கே வீசும், மாலுமி குரல் கொடுத்ததும் தலையைத் தாழ்த்துங்கள். சரி, பாய் விரிந்து எஞ்சினை நிறுத்தியதும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்காருங்கள், மரம் முனகுவது கேட்கும்.