உடல் நீலம் பாரிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

உடல் நீலம் பாரிக்கிறது என்றதும் பலரும் முதலில் பார்ப்பது விரல் நகத்தைத்தான். ஆனால் குளிரில் விறைத்த கையும் நீலமாகும். சூடேறினால் நிறம் திரும்பிவிடும். பிறந்து ஓரிரு நாளே ஆன குழந்தையின் கை, கால்கள் நீலமாக இருப்பதும் பெரும்பாலும் இயல்பே. பார்க்க வேண்டியது நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும். அவை நீலமாகவோ சாம்பல் பூத்தோ இருந்தால், நுரையீரலிலோ இதயத்திலோ கோளாறு இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கருநிறத் தோலில் நீலம் எளிதில் தெரியாது என்பதால் நமக்கு இது இன்னும் முக்கியம்.

நீலம் இல்லையென்றால் ஆபத்தில்லை என்று நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு (100 மி.லி.) சுமார் 5 கிராம் சேர்ந்தால்தான் நீலம் கண்ணுக்குத் தெரியும். மொத்த ஹீமோகுளோபினே 6, 7 கிராம் உள்ள இரத்தசோகைப் பெண்ணுக்கு மூச்சு முட்டினாலும் நிறம் மாறாமல் இருக்கலாம். விரலில் மாட்டி இரத்த ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டரையும் கண்மூடி நம்ப வேண்டாம். நெயில் பாலிஷும் மருதாணியும் அளவைக் குழப்பலாம். மூடிய அறையில் கரி மூட்டி மயங்கியவருக்கு அது 98 சதவீதம் என்றுகூடக் காட்டும்; கரிப்புகையின் கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜனையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது.

என் மனத்தை அதிகம் உறுத்துவது குழந்தைகள் விஷயம். ஓடி விளையாடும் பிள்ளை திடீரென்று குத்தவைத்து உட்கார்ந்து மூச்சு வாங்கினால், 'சவலைப் பிள்ளை' என்று விட்டுவிடுகிறோம். ஃபாலோ நால்வகைக் குறைபாடு என்ற பிறவி இதய நோயில் நுரையீரலுக்குச் செல்லும் வழி குறுகியிருக்கும். இதயத்தின் இரு கீழறைகளுக்கு இடையிலான சுவரின் ஓட்டை வழியே அசுத்த இரத்தம் (ஆக்சிஜன் குறைந்த இரத்தம்) நேரே உடலுக்குப் பாயும். குத்தவைத்தால் கால் இரத்தக்குழாய்கள் மடங்கி, உடலுக்குப் போகும் பக்கம் அழுத்தம் கூடும். அதனால் நுரையீரலுக்குக் கூடுதல் இரத்தம் போகும். பிள்ளை தானாகவே கண்டுகொண்ட வைத்தியம் அது! கைக்குழந்தை அழுது நீலமானால், முழங்கால்களை மார்போடு சேர்த்து மடக்கி, அமைதிப்படுத்தியபடியே 108-ஐ அழையுங்கள். இந்த இதய நோய்க்கு அறுவை சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் செய்கிறார்கள்.

பீடியாலோ விறகடுப்புப் புகையாலோ நுரையீரல் கெட்டவருக்கு வீட்டில் ஆக்சிஜன் வைத்திருந்தால், நீலம் தெரிந்ததும் தாராளமாகத் திறந்துவிடாதீர்கள். இவர்களில் பலருக்கு இரத்த ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதமே இலக்கு. அளவு மீறினால் கரியமில வாயு தேங்கி, தூக்கக் கலக்கத்தில் தொடங்கி நினைவிழப்பு வரை போகும். எத்தனை லிட்டர் என்பதை மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கி, சிலிண்டரிலேயே ஒட்டிவையுங்கள்.