கரண்ட் விஷயத்தைப் பேசும் ஊர்க் குழு ஆவணக் கோவை வைப்பது எப்படி?

மின்சாரமும் எண்ணெயும் பற்றிய முடிவுகள் கொழும்பில் எழுதப்படுகின்றன. காணியும் கடலும் திருகோணமலையில். ஆகவே கடற்றொழிலாளர் சங்கத்தார், இரண்டு பொறியியலாளர், ஒரு சட்டத்தரணி என்று கூடிக் கதைக்கிறோம். குழுவின் கோவைகள் என் பொறுப்பு. இப்படி ஒரு குழு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். வட்ஸ்அப்பை நம்பாதீர்கள், போன் மாறினால் பாதி கதை போய்விடும். வலப்பக்கத்தில் சொன்ன விஷயம், இடப்பக்கத்தில் சொன்னவர், திகதி, கையில் கடதாசி உண்டா இல்லையா. கடதாசி இல்லாததற்கு நான் பென்சில் பாவிக்கிறேன். கேள்விப்பட்டதும் கண்டதும் பார்த்தவுடன் பிரிந்து தெரியும்.

திகதி இல்லாத இலக்கத்தை மட்டும் கொப்பியில் ஏற்றவே கூடாது. திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரை எடுங்கள். ஒருவர் 500 மெகாவாட் என்பார், மற்றவர் 120 என்பார், சண்டை வந்துவிடும். 500 என்பது இந்திய அரசின் மின் கம்பனியான என்.டி.பி.சி.யும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து கட்ட இருந்து, 2016இல் கைவிடப்பட்ட நிலக்கரி அனல்மின் நிலையம். 120 என்பது அங்கேயே 50, 70 என இரண்டு கட்டமாகத் திட்டமிட்ட சூரிய மின் நிலையம். 2025 ஏப்ரலில் அதன் கட்டுமான வேலையைத் தொடக்கி வைத்தார்கள். திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளும் அப்படித்தான். மொத்தம் 99. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 இந்தியன் ஒயிலின் கம்பனியான லங்கா ஐ.ஓ.சி.யிடம், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், 61 இரண்டும் சேர்ந்த கம்பனியிடம். எந்தத் தாங்கி, எந்த ஆண்டு என்று கேட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

பழைய வரியை அழிக்காமல் ஒற்றைக் கோடு போட்டு வெட்டுங்கள். பக்கத்தில் ‘ஏன்’ என்று ஒரு வரி. நிலக்கரி ஏன் நின்றது என்ற குறிப்பு, நாளைக்கு வேறு பெயரில் ஒரு திட்டம் வரும்போது தேவைப்படும்.

அதிகாரிகளுக்கு இடமாற்றம் வந்துகொண்டேதான் இருக்கும். புதிதாக வருபவரிடம் கோவையைத் தூக்கிக்கொண்டு போனால் மேசையில் கிடக்கும், அவ்வளவுதான். ஒரே பக்கம் கொடுங்கள்: முன்னவர் என்ன ஒப்புக்கொண்டார், எந்தக் கடிதத்தில், இவர் இப்போது என்ன செய்ய வேண்டும்.

ஆவணம் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ‘சம்பூர் பற்றிய எல்லாம்’ என்று கேட்காதீர்கள். ஆவணத்தின் பெயரும் ஆண்டும் போட்டுக் கேளுங்கள். கொடுப்பதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததாகத் தரும் துண்டைக் கொப்பியிலேயே ஒட்டிவிடுங்கள். மின்சாரத் துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்கும்போது கடைசித் திகதியைக் கலண்டரில் சிவப்பால் குறியுங்கள். தடித்த ஆங்கில அறிக்கையை யார் வாசித்துத் தமிழில் இரண்டு பக்கம் எழுதுவது என்று அன்றைக்கே பெயர் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் யாரும் தொட மாட்டார்கள்.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் அனுப்பவும் கூடாது. கொட்டியாரக் குடாவில் எங்கே மீன் படும் என்று படகும் வலையும் வைத்துத் தொழில் நடத்தும் சம்மாட்டி சொன்னது அவருடைய பிழைப்பு. அவரைக் கேட்காமல் அது கச்சேரிக்கோ கம்பனிக்கோ போகக் கூடாது. நான் அதற்குத் தனிக் கொப்பி வைத்திருக்கிறேன்; போட்டோக்கொப்பி எடுக்க விடுவதில்லை. மற்றக் கொப்பியில் மாதக் கடைசியில் ஒரு பிரதி எடுத்து மூதூர்ப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் வீட்டில் வைப்போம்.