மேங்கேவ்: இலைக்கரை மாறாமல் கன்று பிரிப்பது எப்படி?

மேங்கேவ் என்பது கற்றாழை போலத் தோன்றும் அகேவும் அதன் உறவுச் செடியான மான்ஃப்ரெடாவும் கலந்து உருவான அலங்காரச் செடி. தடித்த இலையடுக்கு அகேவின் சீர். ஊதாப் புள்ளிகள் மான்ஃப்ரெடா தந்தவை. ‘கலைடோஸ்கோப்’ போன்ற ரகங்களில் இலையோரத்தில் வெளிர்மஞ்சள் கரையும் ஓடும். இந்தக் கரையை விதையில் எதிர்பார்க்காதீர்கள். தாய்ச்செடியின் அடியில் கிளம்பும் பக்கக்கன்றில்தான் வரும், அதுவும் எல்லாக் கன்றிலும் வராது.

1. கன்றைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே குருத்தில் பச்சையம் உள்ள திசுவும் இல்லாத திசுவும் சேர்ந்திருப்பதால்தான் கரை உண்டாகிறது. பச்சைத் திசுவிலிருந்து மட்டும் கிளம்பும் கன்று முழுப்பச்சையாக இருக்கும். அது வேகமாக வளர்ந்து தாய்ச்செடியை அமுக்கிவிடும் என்பதால், கண்டதுமே அடியோடு வெட்டிவிடுங்கள். முழுவெளிர் கன்று பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் பிரித்து நட்டால் உணவு தயாரிக்க வழியின்றிச் செத்துவிடும். எல்லா இலைகளிலும் இருபுறமும் கரை ஓடும் கன்றே நமக்கு வேண்டியது. ஒரு பக்கத்து இலைகளில் மட்டும் கரை இருந்தால் பின்னாளில் பச்சைக்குத் திரும்பக்கூடும்.

2. பிரித்தெடுங்கள்

கன்று 8–10 செ.மீ. அகலம் வந்து, சொந்த வேர் விட்டிருக்க வேண்டும். சாறு பட்டால் அரிக்கலாம், கையுறை போடுங்கள். இலையைப் பிடித்து இழுக்கவே கூடாது. வெள்ளரிப்பிஞ்சு போலப் படக்கென்று முறியும், அந்தத் தழும்பும் மறையாது. மண்ணை விலக்கி, ஸ்பிரிட்டால் துடைத்த கத்தியால் இணைப்பை அறுத்து, நிழலில் 3–4 நாள் காயவிடுங்கள்.

3. நடுங்கள்

மண்கலவைக்கு: பெர்லைட் (பொரித்த எரிமலைக்கல் துகள்) அல்லது பருமணல் 2 பங்கு, தென்னைநார்த்தூள் 1 பங்கு, மட்கிய உரம் 1 பங்கு. பொடிமணல் இறுகிப்போகும், வேண்டாம். அடியில் துளையுள்ள தொட்டி, வேர்ப்பகுதியைவிட 3 செ.மீ. அகலமாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் ஈரம் தேங்கி வேர் அழுகும். கன்று வீணாவது பெரும்பாலும் இதனால்தான். முதல் தண்ணீர் ஒரு வாரம் கழித்து.

4. பிறகு

மேல்மண் 4 செ.மீ. ஆழம் காய்ந்ததும் நன்றாக ஊற்றுங்கள். அகேவைவிட இது சற்றுக் கூடுதலாகவே தண்ணீர் கேட்கும். காலை வெயில் 4–6 மணி நேரம் வேண்டும், ஆனால் இரண்டு வாரத்தில் படிப்படியாகப் பழக்குங்கள். திடீர் வெயிலில் முதலில் கருகுவது கரைதான். வெளிச்சம் குறைந்தால் இலை நீண்டு தொங்கும், புள்ளிகள் மங்கும். இலையடியில் பஞ்சு போல மாவுப்பூச்சி ஒட்டியிருந்தால் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்தெடுங்கள்.

பூந்தண்டு கிளம்பிய செடி பூத்து முடிந்ததும் பட்டுவிடக்கூடும். கரையுள்ள கன்று ஒன்றையாவது அதற்கு முன்பே பிரித்து நட்டுவையுங்கள்.