பழைய எஸ்யூவியோட அடிப்பக்கம்: துரு, சஸ்பென்ஷன் விஷயத்துல நாம பண்ற தப்புகள்

எங்க வீட்டு எஸ்யூவி 13 வருஷம் ஓடுனது. ஒரு நாள் காலைல பசங்கள ஏத்திட்டு கேட்டை விட்டு ரோட்டுல இறக்கும்போது பின்னாடி இடது பக்கம் டங்குனு ஒரு சத்தம். டிக்கில ஜாக்கி உருண்டிருக்கும்னு நெனச்சு விட்டுட்டேன், அதே நெனப்புல ரெண்டு நாள் ஓட்டவும் செஞ்சேன். மூணாவது நாள் வண்டிய சமமான தரைல நிறுத்திட்டு பின்னாடி வந்து பாத்தா இடது பக்கம் ரெண்டு விரக்கடை தாழ்ந்து கிடக்கு. டார்ச் அடிச்சு பாத்தேன், காயில் ஸ்ப்ரிங்கோட கடைசி சுத்து முறிஞ்சு ஒரு சாண் நீளத்துண்டு ஸ்ப்ரிங் உக்கார்ற கிண்ணத்துலயே கிடந்துச்சு. அந்தத் துண்ட கையில எடுத்து முறிஞ்ச முகத்த பாத்தப்பதான் எனக்கு பகீர்னுச்சு, ஏன்னா அதுல பாதி கருஞ்சிவப்பா பழைய துரு, மீதி பாதி பளபளன்னு புது இரும்பு. அப்ப விரிசல் விட்டு பல மாசம் ஆயிருக்கு, மிச்சம் இருந்த பாதிதான் அன்னைக்கு காலைல விட்டிருக்கு. அந்த முனை டயர் பக்கம் திரும்பியிருந்தா டயர கிழிச்சிருக்கும், உள்ள பசங்க.

அதனாலதான் இதை எழுதுறேன், நான் பண்ண தப்பு, கூட இருக்கவங்க பண்ணி பாத்த தப்பு எல்லாம் சேத்து.

மொத தப்பு, துருவ தப்பான எடத்துல தேடுறது. கதவு ஓரத்துல கொப்புளம் மாதிரி வந்தா உடனே பெயிண்டர்கிட்ட ஓடுறோம், அது பாக்கத்தான் அசிங்கம், ஆபத்து ரொம்ப கம்மி. ஆபத்து எங்கன்னா சஸ்பென்ஷன் (வீல வண்டியோட இணைச்சு குலுக்கல தாங்குற பாகங்கள்) வந்து பாடியிலயோ சேஸிஸ்லயோ (அடிச்சட்டம்) மாட்டுற எடங்கள்ல. ஸ்ப்ரிங் உக்கார்ற கிண்ணம், லோயர் ஆர்ம் (வீல புடிச்சிருக்க கீழ்ப்பக்க கை) போல்ட் போற பிராக்கெட், பின்னாடி டிரெய்லிங் ஆர்ம் (பின் வீல முன்பக்கத்துல இருந்து புடிச்சிருக்க கை) மாட்டுற மூலை, ஷாக் அப்சார்பரோட மேல் மவுண்ட், சப்ஃப்ரேமோட (சஸ்பென்ஷன தாங்குற தனிச்சட்டம்) நாலு மூலை. இது சும்மா பயமுறுத்தல் இல்ல. 2023ல ஹோண்டா அமெரிக்காவுல சிஆர்-வி வண்டிகள குறைய சரி பண்ண திரும்ப கூப்பிட்டாங்க (இதைத்தான் ரீகால்னு சொல்வாங்க), 2007ல இருந்து 2011 வரைக்குமான மாடல்கள், 5.6 லட்சம் வண்டி. குளிர் காலத்துல ரோட்டுல உப்பு போடுற மாநிலங்கள்ல ஓடுன வண்டிங்க அதெல்லாம், பின்பக்க ஃப்ரேம் துருப்புடிச்சு டிரெய்லிங் ஆர்மே கழண்டு வர வாய்ப்பு இருந்துச்சு. அதுக்கு முன்னாடி 2021ல ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர், 2013ல இருந்து 2017 மாடல் வரைக்கும், பின்னாடி ஒரு பால் ஜாயின்ட் (கிண்ணத்துக்குள்ள குண்டு திரும்புற மூட்டு) இறுகிப்போய் டோ லிங்க் (வீல நேரா நிக்க வைக்கிற கம்பி) முறியலாம்னு ஏழு லட்சத்துக்கும் மேல வண்டிய கூப்பிட்டாங்க. உங்க வண்டியோட சேஸிஸ் நம்பர வச்சு இந்த மாதிரி ரீகால் ஏதாவது பாக்கி இருக்கான்னு பாத்துடுங்க, ரெண்டு நிமிஷ வேலை, பழைய வண்டிய செகண்ட் ஹேண்ட்ல வாங்குனவங்க முக்காவாசி பேரு இதை பாக்குறதே இல்ல.

துரு ஏன் அங்கயே புடிக்குதுன்னா சேறு தங்குற எடம் அது. ஈரச்சேறு ஒட்டி கிடந்தா இரும்பு காயவே காயாது, அதுல உப்பும் சேந்துட்டா இன்னும் வேகம். துருவுக்கு இரும்பை விட ரெண்டு மடங்குக்கு மேல எடம் வேணும், அதனால அது உப்பி ஏடு ஏடா உரிஞ்சு விழுந்து அடியில இருக்க புது இரும்பை திரும்ப காத்துக்கும் தண்ணிக்கும் காட்டிக்கிட்டே போகும். சேஸிஸ் ரெயில் மாதிரி பெட்டி வடிவத்துல இருக்கறது இன்னும் மோசம், தண்ணி வடியிற ஓட்டைய சேறு அடைச்சுட்டா உள்ள இருந்து வெளிய அரிக்கும், வெளிய ஓட்டை தெரியும்போது உள்ள தகடு பேப்பர் மாதிரி ஆயிருக்கும்.

அதனால கண்ணால மட்டும் பாத்துட்டு நல்லாத்தான் இருக்குன்னு சொல்றது ரெண்டாவது தப்பு, தட்டிப் பாக்கணும். சின்ன சுத்தியலால தட்டுனா நல்ல இரும்பு டிங்குனு கணீர்னு கேக்கும், அரிச்ச எடம் டொப்புனு அமுங்குன மாதிரி கேக்கும். அங்க ஸ்க்ரூட்ரைவர் முனைய வச்சு நல்லா அழுத்துங்க, உள்ள இறங்குச்சுன்னா அது பெயிண்ட் வேலை இல்ல, வெல்டிங் வேலையோ அதுக்கும் மேலயோ. தயவுசெஞ்சு ஜாக்கிய மட்டும் நம்பி வண்டிக்கு அடியில தலைய விடாதீங்க, வண்டிய தாங்குற ஜாக் ஸ்டாண்ட் போட்டே ஆகணும். துருப்புடிச்ச வண்டில ஜாக்கி வைக்கிற எடமே உள்ள அமுங்கிப் போகும், அதையும் மொதல்ல தட்டிப் பாத்துட்டு வைங்க.

அடுத்தது, துரு மேலயே கருப்பு அண்டர்கோட்டிங் அடிக்கிறது. இதை விட பெரிய தப்பு எனக்கு தெரிஞ்சு இல்ல. ரப்பர் மாதிரி கெட்டியா படியிற கோட்டிங் துரு மேல ஒழுங்கா ஒட்டாது, ஓரத்துல விரிசல் விட்டு தண்ணி உள்ள போயிடும், போனது வெளிய வராது, நீங்க மேல பளிச்சுன்னு இருக்குன்னு நிம்மதியா இருப்பீங்க. ஏடு ஏடா இருக்கத சுரண்டி கம்பி பிரஷ் போட்டு, காய வச்சு, மேலாப்புல இருக்க துருவுக்கு மட்டும் ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவ கெட்டிப் படலமா மாத்துற திரவம்) போட்டு, அப்புறம்தான் கோட்டிங். எனக்கு புடிச்சது எண்ணெய் மாதிரியோ மெழுகு மாதிரியோ இருக்கறது, சந்து பொந்துக்குள்ள தானா ஊறிப் போகும், என்ன, வருஷா வருஷம் திரும்ப அடிக்கணும். இன்னொன்னு, பழைய வண்டி வாங்கப் போற எடத்துல அடிப்பக்கம் மட்டும் புதுசா கருப்பா மினுமினுத்தா சந்தோஷப்படாதீங்க, சுரண்டிப் பாக்க சம்மதிச்சாதான் மேல பேசுங்க.

சத்தத்த பழகிக்கிறது இன்னொரு தப்பு, நான் பண்ணது அதுதான். ஸ்டீயரிங் முழுசா ஒடிக்கும்போது வர்ற கடக்கு, ஸ்பீடு பிரேக்கர்ல வர்ற டொக்கு, இதெல்லாம் வண்டி வயசாயிடுச்சுன்னு விடுற விஷயம் இல்ல. முக்கியமா பால் ஜாயின்ட். அதோட ரப்பர் பூட் கிழிஞ்சா தண்ணி உள்ள போகும், கிரீஸ் வெளிய போகும், குண்டு தேஞ்சு ஒரு நாள் கிண்ணத்த விட்டு கழண்டா வீல் அப்படியே வெளிப்பக்கமா மடங்கிடும். பூட் கிழிஞ்சிருக்கறத கண்ணாலயே பாத்துடலாம். ஆட்டம் இருக்கான்னு பாக்கறதுல ஒரு நுணுக்கம் இருக்கு, ஸ்ப்ரிங் லோயர் ஆர்ம் மேல உக்காந்திருக்க வண்டின்னா அந்த ஆர்முக்கு அடியில ஜாக்கி குடுத்து வெயிட்ட எடுத்துட்டு ஆட்டிப் பாக்கணும், ஸ்ட்ரட் (ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒண்ணா சேந்தது) வச்ச வண்டின்னா பாடிய தூக்கி வீல தொங்கவிட்டு பாக்கணும். மாத்திப் பண்ணா தேஞ்ச ஜாயின்டும் இறுக்கமாத்தான் தெரியும்.

சரி பண்ணும்போது நடக்குற தப்புல ஒன்ன மட்டும் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா அனுபவம் உள்ள கைங்க கூட இதை பண்ணுது. ஆர்ம் புஷ்ல (ஆர்ம் மாட்டுற முனையில இருக்க ரப்பர் வச்ச குழாய்) ரப்பர் உள் குழாயோடயும் வெளி குழாயோடயும் ஒட்டியிருக்கும், அது சுழலாது, முறுக்கித்தான் குடுக்கும். வண்டிய தூக்கி வீல் தொங்கும்போதே போல்ட்ட முழுசா இறுக்கிட்டா ரப்பர் அந்த தொங்குற நிலையில பூட்டிக்கும், கீழ இறக்குனதும் சும்மா நிக்கும்போதே முறுக்குல நிக்கும், புது புஷ் சீக்கிரமே கிழியும். அப்புறம் பார்ட்ஸ் டூப்ளிகேட்னு திட்டுவோம். போல்ட்ட கையால ஏத்தி லேசா புடிக்க விட்டு, ஆர்முக்கு ஜாக்கி குடுத்து வண்டி சாதாரணமா நிக்கிற உயரத்துக்கு கொண்டு வந்துட்டுதான் கடைசி இறுக்கு. வேலை நடக்கும்போது பக்கத்துல நின்னு இதை கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல.

துருப்புடிச்ச போல்ட்டுக்கு முந்தின நாள் ராத்திரியே துருவ இளக்குற எண்ணெய் ஊத்தி ஊற விடுங்க. ஸ்ப்ரிங்க சூடு காட்டறதோ வெல்ட் வைக்கிறதோ கூடவே கூடாது, அதோட பதமே போயிடும். ஸ்ப்ரிங் அமுக்குற கருவி இல்லாம வீட்டுல கழட்டவும் வேணாம், அது தெறிச்சா உயிருக்கே ஆபத்து.

கழுவுறதுலயும் மேல ஷாம்பு போட்டு அடியில ஒண்ணும் பண்ணாம விடுறோம். கடல் ஓரமோ உப்பு போட்ட ரோடோ ஓட்டிட்டு வந்தா அன்னைக்கே அடியில நல்ல தண்ணி அடிங்க, வீல் ஆர்ச் உள்பக்கம், ஸ்ப்ரிங் கிண்ணம், சேஸிஸ் ஓட்டை எல்லாம். பால் ஜாயின்ட் ரப்பர் பூட் மேல மட்டும் பிரஷர் தண்ணிய கிட்ட கொண்டு போகாதீங்க.

கடைசியா, ஒரு பக்கம் மட்டும் மாத்தறது. இடது ஸ்ப்ரிங் உடைஞ்சப்ப வலது நல்லாத்தானே இருக்கு, இருக்கட்டும்னேன். மெக்கானிக் "கழட்டி மட்டும் பாத்துடுவோம் சார்"னு கழட்டுனார். அதே கடைசி சுத்து, அதே எடம், பெயிண்ட் உப்பி நின்னுச்சு. கம்பி பிரஷ் போட்டதும் தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிஞ்சுது, நகத்த வச்சு இழுத்தா மாட்டுச்சு.