லைனில் குறையில்லை, வைஃபையில்தான்

ஃபைபர் இணைப்போடு கொடுத்த பெட்டியிலேயே வைஃபை இருந்தது, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தருகிற பழைய மாடல். அடுக்குமாடி வீடு, பக்கத்து வீட்டு சிக்னல்கள் எல்லாம் அதே அலைவரிசையில். சாயங்காலம் ஆனால் மகளின் ஆன்லைன் வகுப்பு திக்க ஆரம்பித்துவிடும். கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள் வாடிக்கையாளர் சேவையில். அதற்கு முன் லேப்டாப்பில் கேபிளைச் செருகிப் பார்த்தேன். காசு கட்டிய 100 எம்பிபிஎஸ் அப்படியே வந்தது.

அதனால் திட்டத்தை விட்டுவிட்டு, புது வைஃபை ரவுட்டர் வாங்கப் போனேன். கடைக்காரர் ஆறு ஆன்டெனா நீட்டிக்கொண்டிருந்த ஒன்றைக் காட்டினார். பார்க்கக் கம்பீரம்தான், விலையும் அப்படியே. நான் அட்டையில் தேடியது வேறு: 5 கிகாஹெர்ட்ஸும் சேர்ந்த இரட்டை அலைவரிசை, கிகாபிட் போர்ட் (1000 எம்பிபிஎஸ் வரை தாங்கும் கேபிள் துளை), வைஃபைக்கான புதிய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3. பெட்டியில் 1200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது இரண்டு அலைவரிசைகளின் உச்ச வேகத்தையும் கூட்டிய கணக்கு. எந்த ஒரு போனுக்கும் அவ்வளவு கிடைக்காது. அதோடு, போர்ட் 100 எம்பிபிஎஸ் ரகமாக இருந்தால் நாளைக்குப் பெரிய திட்டம் எடுத்தும் பயனில்லை. 2,500 ரூபாய்க்குள் முடிந்தது.

பழைய பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து கேபிள் இழுத்து, புதியதை ஆக்சஸ் பாயின்ட் முறையில், அதாவது வைஃபை மட்டும் தரும்படி, வைத்தேன். பழையதன் வைஃபையை அணைத்தாயிற்று. டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் ஹால் அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினேன். 2.4-ல் சேனல் (அலைவரிசையின் உட்பிரிவு) 1, 6, 11 மூன்றும் ஒன்றோடொன்று மோதாதவை. நெரிசல் குறைவாகத் தெரிந்த 11-ஐப் போட்டேன். வகுப்பு இப்போது 5-ல் ஓடுகிறது. இரண்டு சுவர் தாண்டிய பின்னறையில் மட்டும் 5 இளைத்துவிடும், அங்கே 2.4 போதும்.