சிம் போட்ட ரவுட்டரில் கேமரா: எங்கே தவறு நடக்கிறது?

வீட்டு பிராட்பேண்டில் கேமரா பொருத்திப் பழகியவர்கள் அதே முறையைத் தோட்டத்து மோட்டார் அறைக்கும் கொண்டுபோகிறார்கள். 4ஜி ரவுட்டர் ஒன்றை வாங்கி, சிம்மைச் செருகி, வெளியிலிருந்து வரும் இணைப்பைக் கேமராவுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் செய்து, மாறும் ஐபி முகவரியை ஒரே பெயரில் கண்டுபிடிக்க உதவும் டிடிஎன்எஸ் பெயரும் பதிகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் படம் வருவதில்லை. உடனே ரவுட்டரை மாற்றுகிறார்கள், பிறகு கேமராவையும் மாற்றுகிறார்கள். பெரும்பாலும் இரண்டிலுமே குறை இருப்பதில்லை. சிம் வழி இணையத்தில் வெளியிலிருந்து உள்ளே நுழைய வழி இல்லை என்பதுதான் காரணம். இது தெரியாமல் வீணாகும் பணமும் உழைப்பும் கொஞ்சநஞ்சமல்ல.

இணையத்தில் கருவிகளை அடையாளம் காட்டும் ஐபி முகவரிகளில் பழைய வகையான ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். ஆசிய-பசிபிக் வட்டாரத்தின் இருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. எனவே செல்போன் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. உங்கள் ரவுட்டருக்குக் கிடைப்பது அந்த நிறுவனத்தின் வலைக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. தெருவாசல் பூட்டியிருக்கும்போது வீட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றதுதான் இங்கே போர்ட் ஃபார்வர்டிங். டிடிஎன்எஸ்ஸும் அந்தப் பொது முகவரியைத்தான் காட்டும். அதற்கு அப்பால் உங்கள் ரவுட்டரைத் தேடிப் பிடிக்க அதனால் முடியாது.

எதையும் வாங்குவதற்கு முன் இதைச் சோதித்துவிடலாம். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இணையத்தை நோக்கிய (WAN) ஐபி முகவரியைப் பாருங்கள். அது 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தாலோ போர்ட் ஃபார்வர்டிங்கை மறந்துவிடலாம். இந்த இரண்டாவது வரிசை, இப்படிப் பகிர்ந்து கொடுப்பதற்கென்றே 2012-ல் ஒதுக்கப்பட்டது.

சிலர் நிலையான ஐபி வாங்கிச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். அது பொது முகவரிதானா, உள்ளே வரும் இணைப்புகளை அனுமதிக்குமா என்று கேட்டு உறுதிசெய்யாமல் பணம் கட்டாதீர்கள். கிடைத்தாலும் கேமராவை நேரடியாக இணையத்தில் திறந்து வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2016-ல் மிராய் என்ற தீம்பொருள், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்களில் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை மாற்றி மாற்றி முயன்றே லட்சக்கணக்கான கேமராக்களையும், கேமரா படங்களைப் பதியும் டிவிஆர்களையும் பிடித்தது. அவற்றைக் கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் டின் (Dyn) நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே தடுமாறின. கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் மட்டும் போதாது. கடவுச்சொல்லே இல்லாமல் நுழைய இடம்கொடுத்த ஓட்டை ஒன்று 2021-ல் ஹிக்விஷன் கேமராக்களில் வெளிப்பட்டது. அதற்கான திருத்தத்தை அந்நிறுவனமே வெளியிட்டது. கேமராவுக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் புதுப்பிப்பைத் தள்ளிப்போடாதீர்கள் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

சரியான வழி, உள்ளே இருக்கும் கருவியே வெளியே தொடர்புகொள்வது. பெரும்பாலான குடும்பங்களுக்குக் கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகச் செல்லும் பி2பி முறையே (கேமராவும் செல்போனும் அந்நிறுவனத்தின் சர்வர் துணையோடு ஒன்றையொன்று கண்டுபிடிப்பது) போதும். கூடுதல் பாதுகாப்பு வேண்டுமென்றால் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன், அதாவது இணையத்துக்குள்ளேயே பூட்டிய தனிப்பாதை, இருக்கிறது. அதற்குத் தோட்டத்தில் எப்போதும் இயங்கும் சிறு கணினியோ, அதை ஏற்கும் ரவுட்டரோ தேவை. டெயில்ஸ்கேலுக்கு அடிப்படையான விபிஎன் முறையான வயர்கார்டை மட்டும் பயன்படுத்துவதென்றால் ஏதாவது ஒரு முனையில் பொது முகவரி இருந்தாக வேண்டும்.

பி2பி முறையில் நடக்கும் மிகப் பெரிய தவறு தொழில்நுட்பம் சார்ந்தது அல்ல. கேமரா பொருத்த வந்தவர் தன் மின்னஞ்சலிலேயே கணக்கைத் தொடங்கி, கேமராவை அதில் இணைத்து, உங்களுக்குப் பார்வை அனுமதியை மட்டும் பகிர்ந்துவிட்டுப் போகிறார். படம் வருவதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் கேமராவின் உரிமையாளர் அவர்தான். உங்கள் தோட்டத்தையும் வாசலையும் அவரால் எப்போது வேண்டுமானாலும் பார்க்க முடியும்; அவர் தொடர்பு எண் மாறிவிட்டால் கேமராவை வேறு கணக்கில் சேர்க்கவும் முடியாமல் திண்டாடுவீர்கள். கணக்கு உங்கள் எண்ணிலோ மின்னஞ்சலிலோதான் இருக்க வேண்டும். அவர் கிளம்பும் முன் கடவுச்சொல்லை நீங்களே மாற்றுங்கள். கேமராவின் க்யூஆர் ஒட்டியைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

அடுத்தது டேட்டா. 2 எம்பிபிஎஸ் ஓட்டத்தில் ஒரு கேமராவை ஒரு மணி நேரம் பார்த்தால் 900 எம்பி போகும். நாளுக்கு 2 ஜிபி தரும் சிம் என்றால் இரண்டேகால் மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். அதற்குமேல் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். அந்த வேகத்தில் காணொளி அசையாது. இரவெல்லாம் மேகப் பதிவுக்கு (கிளவுட்) அனுப்புவதும், கடையில் உள்ள டிவியில் தோட்டத்து நேரலையை ஓடவிடுவதும் சிம் இணைப்புக்கு ஒத்துவராது. பதிவு கேமராவின் மெமரி கார்டிலோ, தோட்டத்திலேயே வைக்கும் பதிவுக் கருவியான என்விஆரிலோ நடக்கட்டும். வெளியிலிருந்து பார்ப்பதற்கு, கேமரா தரும் குறைந்த தரப் படவோட்டமான சப் ஸ்ட்ரீமை 512 கேபிபிஎஸ்ஸுக்குள் வைத்துக்கொண்டால் மணிக்கு 230 எம்பிதான் ஆகும். காணொளியைக் கூடுதலாகச் சுருக்கும் எச்.265 வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

வேகத்தைச் சோதிப்பவர்கள் பதிவிறக்க வேகத்தைப் பார்த்து மகிழ்கிறார்கள். கேமராவுக்கு வேண்டியது பதிவேற்ற வேகம். அதையும் நெரிசல் கூடும் மாலை நேரத்தில், ரவுட்டர் இருக்கப்போகும் அதே இடத்தில் பார்க்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே, இரும்புப் பெட்டிக்குள் ரவுட்டரைப் பூட்டி வைத்தால் சிக்னல் எங்கிருந்து வரும்?

மோட்டார் ஓடத் தொடங்கும்போது மின்னழுத்தம் சரிந்து ரவுட்டர் அணைந்து எழுவதும் உண்டு. ரவுட்டரும் கேமராவும் பெரும்பாலும் 12 வோல்ட் டிசியில் இயங்குபவை என்பதால் அதற்கான சிறு யுபிஎஸ் போதும். கார் பேட்டரியை நேரடியாக இணைக்காதீர்கள். சார்ஜ் ஆகும்போது அது 14 வோல்ட்டைத் தாண்டும்.

எல்லாம் முடிந்ததும், அதே ரவுட்டரின் வைஃபையில் இருந்தபடியே செயலியைத் திறந்து பார்த்துத் திருப்தி அடைவது இன்னொரு தவறு. செல்போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பாருங்கள். பிறகு ரவுட்டரின் மின்சாரத்தைத் துண்டித்துத் திரும்பக் கொடுத்து, யாரும் தொடாமலே கேமரா மீண்டும் இணைகிறதா என்று பாருங்கள்.

ரீசார்ஜ் முடியப்போவதைச் சொல்லும் குறுஞ்செய்தி, தோட்டத்தில் ரவுட்டருக்குள் கிடக்கும் அந்த சிம்முக்குத்தான் வரும். அதை யாரும் படிக்கப்போவதில்லை. அந்த எண்ணை உங்கள் செல்போனில் உள்ள நிறுவனச் செயலியில் சேர்த்துவிட்டு, செல்லுபடி முடியும் தேதியை நாட்காட்டியில் நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள்.